எலிக்கு விரித்த மெத்தை

போன வாரம் மருமகளைச் சாவியும் கையுமாக வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள்.

மறுபடியும் சாவியைத் திருப்பினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் விளக்குகள் எல்லாம் கண் விழித்துப் பார்த்தன. இன்ஜின் மட்டும், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலக் கிடந்தது.

"இன்னிக்குப் போய் இப்படிப் பண்ணாதேடா," என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தாள். கெஞ்சினாள். பிறகு திட்டினாள். ஊமை ஊமையாகவே இருந்தது.

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் காலெடுத்து வைப்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக இரண்டு வார்த்தை. வண்டி அவள் புருஷனுடையது. அவன் கப்பலில் சமையற்காரன். கடல் அவனுக்கு அலுத்துவிட்டது. "உனக்கு ஒரு நிலையான வேலை கிடைச்சிடட்டும், மறுநாளே நான் கப்பலை விட்டு இறங்கிடறேன்," என்று ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த வேலை இப்போது வாசல்வரை வந்து நிற்கிறது. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். சொந்த வண்டி இருக்க வேண்டும், அதை நல்லபடி ஓட்டி வந்து காட்ட வேண்டும். இன்று சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் காட்டாவிட்டால், அடுத்தபடியாகக் காத்திருக்கும் நர்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆக, ஒருவன் கரையிறங்குவதும் இறங்காததும் இப்போது இந்த இன்ஜினின் கையில் இருந்தது.

அவள் இறங்கிப் போய் முன்மூடியைத் தூக்கினாள்.

கருஞ்சீரகம் இறைத்த மாதிரி எலிப் புழுக்கை. அதன் நடுவில் ஒரு வயர், நுனி நுனியாகப் பல் பட்டு, செம்பு தெரிய இளித்துக்கொண்டிருந்தது.

எலி வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நின்ற வண்டிக்கு எலி வரும் என்று தெருவே சொல்லியிருந்தது. ஆளுக்கொரு வைத்தியமும் சொல்லியிருந்தது. பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து கட்டித் தொங்கவிட்டாள். நாலாம் நாள் முடிச்சு மட்டும் தொங்கியது, உருண்டையைக் காணோம். புதினா எண்ணெய் தடவினாள். வண்டியில் ஏறினால் தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்ட மாதிரி இருந்ததுதான் கண்ட பலன். கடைசியில் பசை அட்டை வாங்கி வைத்தாள். அதில் மாமனாருடைய செருப்பு மாட்டிக்கொண்டது. எலி அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

தகர ஷெட்டின் மறுபாதியில் கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் கூண்டுகள். பச்சையும் மஞ்சளுமாகப் பறவைகள். அவற்றுக்குக் கீழே வரிசையாகத் தினை டப்பாக்கள்.

மருமகளின் கண் அந்த டப்பாக்களில் போய் நின்றது.

"குருவி! இங்க வா."

குருவி என்பது அவள் நாத்தனார். பறவை வளர்த்து விற்பதால் வந்த பேர் இல்லை. பிறந்தபோதே கைக்கு அடங்காமல் அத்தனை சிறிசாக இருந்தாளாம், அப்போதே அப்பா வைத்தது. ஒரு மழை நாளில் ஒரு பையும் இரண்டு கூண்டுமாகப் புருஷன் வீட்டிலிருந்து வந்தவள், திரும்பிப் போகவில்லை. ஏன் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த வீட்டில் அவளுக்குக் கொடுத்த மரியாதை.

குருவி தண்ணீர்க் குடுவையோடு வந்தாள். "என்ன அண்ணி, இன்னும் கிளம்பலியா?"

"எதுல கிளம்பறது? இதைப் பாரு."

குருவி எட்டிப் பார்த்தாள். "அய்யோ, எலியா?"

"பின்ன, நானா கடிச்சேன்? தினையைக் கொட்டி விருந்து வச்சா எலி வராம என்ன பண்ணும்?"

"டப்பாவெல்லாம் இறுக்கி மூடித்தான் இருக்கு அண்ணி. கீழ விழறதையும் அப்பப்போ பெருக்கிடறேன்."

"பெருக்கின லட்சணம்தான் தெரியுதே!"

குருவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். கண் ஒரு கணம் வீட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மௌனம் மருமகளுக்கு ஒத்துக்கொண்ட மாதிரி பட்டது. பதற்றத்தில் இருக்கிறவளுக்கு அது போதாதா?

"இருக்கறதே ஒரு வண்டி நிக்கற இடம். அதுல பாதியை நீ அடைச்சுக்கிட்டா நான் என்னதான் செய்யறது? உனக்கும்தான் ஒரு வீடு இருக்கே, கூண்டையெல்லாம் அங்க கொண்டு போய் வச்சுக்கக் கூடாதா?"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? வார்த்தை வாயைவிட்டுப் போன மறு நொடியே மருமகளுக்கே அது உறைத்தது.

குருவி குடுவையைக் கீழே வைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல், மெதுவாக, பத்திரமாக வைத்தாள்.

"ரேடியோவைக் கூப்பிடுங்க அண்ணி, நேரமாகுது," என்றாள். அவ்வளவுதான்.

*

ரேடியோ என்பவர் அடுத்த தெரு மெக்கானிக். வாயை மூட ஒரு திருகு கிடையாது என்பதால் அந்தப் பேர். பைக்கை நிறுத்துவதற்குள் பேச்சைத் தொடங்கிவிடுவார்.

"என்னக்கா, மாப்பிள்ளை வண்டி மாதிரி துடைச்சு வச்சிருக்கீங்க! இதுதான் தப்பு. வண்டியும் மனுஷன் மாதிரிதான். வேலை கொடுக்காம வீட்டோட வச்சா வியாதி வந்துடும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது எடுத்து ஒரு சுத்து சுத்திட்டு வந்திருந்தா எலி, ஐயோ இது ஆடற வீடு நமக்கு ஆகாதுன்னு போயிருக்கும்."

"பரீட்சை, இன்டர்வியூன்னு ஒரே அலைச்சல். எடுக்கவே முடியலை. இப்ப ஓடுமா ஓடாதா, அதைச் சொல்லுங்க."

"ஓடாம? ஸ்டார்ட்டருக்குப் போற வயரைத்தான் ருசி பார்த்திருக்கு. சாம்பாரையா தொட்டுக்கிச்சு, வெறும் வயர்! என்ன நாக்கோ."

வயரை வெட்டினார், ஒட்டினார், டேப் சுற்றினார். மருமகள் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. உறுமியது, இருமியது, அடங்கியது. மறுபடியும் அதே இருமல்.

"மூச்சு வாங்குது," என்றார் ரேடியோ. முதல் தடவையாகக் குரல் இறங்கியிருந்தது. "காத்துப் போற வழி அடைச்சிருக்கு."

காற்று வடிகட்டி இருக்கும் கறுப்புப் பெட்டியின் கொக்கிகளை விடுவித்து மூடியைத் தூக்கினார். தூக்கியவர் பேசவில்லை. ரேடியோ பேசாமல் இருந்தால் சும்மா விஷயமா?

"அக்கா, வந்து பாருங்க. எலி வளைன்னு நெனச்சேன். லாட்ஜே நடத்திக்கிட்டு இருந்திருக்கு."

பெட்டி நிறையப் பஞ்சு.

கந்தலோ காகிதமோ இல்லை. வெள்ளைவெளேரென்ற இலவம்பஞ்சு. கொட்டை இல்லை, சிக்கு இல்லை, இழை இழையாகப் பிரித்து உதறிய பஞ்சு. அதன் நடுக்குழியில் சுண்டுவிரல் நுனி அளவில், ரோஜா நிறத்தில், கண் திறக்காத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. தாய் எப்போதோ குதித்து ஓடியிருக்க வேண்டும்.

மருமகள் அந்தப் பஞ்சைப் பார்த்தபடியே நின்றாள். அப்படி உதறத் தெரிந்த விரல்கள் அந்தத் தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

சரியாக அந்த நேரத்துக்கு மாமனார் தட்டில் டீயோடு வந்தார். மெத்தைக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். விரல் நடுக்கம் வந்து ஊசியைக் கீழே வைத்தவர். ஷெட்டை ஒட்டிய அறையில் மிச்சப் பஞ்சு மூட்டைகள் இன்னும் இருக்கின்றன. சாயங்காலமானால் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார், அங்கங்கே குனிவார், தடவுவார். மகன் நினைப்பு போலிருக்கிறது என்று மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"கிளம்பிடுச்சா? கிளம்பாம என்ன!" தட்டு நடுங்க நடுங்க வந்தார். "அவன் என்ன சொல்லிட்டுப் போனான்? அப்பா, எலி மட்டும் உள்ள போகாம பார்த்துக்குங்கன்னான். ஒரு சந்து பொந்து விடலையே நான்! எங்க ஓட்டை இருந்தாலும் பஞ்சை வச்சு இறுக்கி அடைச்சிட்டேன். முன்னாடி, பின்னாடி, கண்ணாடிக்குக் கீழ இருக்கற சல்லடை, எல்லாம்."

ரேடியோ மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள்.

"ஐயா, பஞ்சு வச்சா எலி போகாதுன்னு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? இறுக்கி அடைச்ச பஞ்சுல எலி பல்லு இறங்காது. என் கடையில அத்தனை வருஷம், ஒரு மெத்தையை எலி தொட்டது கிடையாது."

"கடையில பூனை இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு."

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மாமனார் சிரிக்கவில்லை. திறந்து கிடந்த பெட்டி கண்ணில் பட்டுவிட்டது. தட்டை வண்டியின் மேல் வைத்தார். கிட்டப் போனார். ஒரு விரலால் பஞ்சின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை இருட்டில் தொட்டாலும் தெரியாதா?

"என் பஞ்சு," என்றார்.

ரேடியோ கையிலிருந்த மூடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் காவல் காக்கறேன்னு நெனச்சேன். எலிக்கு மெத்தை தைச்சுக் கொடுத்திருக்கேன்."

பிறகு வண்டியின் முன்பக்கச் சல்லடையைத் தடவினார். அங்கே ஒரு இழைகூட இல்லை. "இங்கயும்தானே அடைச்சேன்? எங்க காணோம்?" அப்படியே தலையைத் திருப்பிக் கூண்டுகளின் பக்கம் பார்த்தார். "குருவி, நீதான் எடுத்தியா?"

குருவி கூண்டுக் கதவு ஒன்றின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"கைக்கு எட்டினதை எடுத்தேன்பா. தினம் காலையில. கண்ணாடிக்குக் கீழ எட்டலை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஊசியைக் கீழ வச்சதுக்கப்புறம் நீ சந்தோஷமா பண்ணின ஒரே வேலை அதுதான். அதையும் வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

சற்று முன் குருவி வாயெடுத்ததும், கண் வீட்டுப் பக்கம் போனதும், வாயை மூடிக்கொண்டதும் மருமகளுக்கு இப்போதுதான் புரிந்தது. அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் அவள் பழியைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாமனார் மேல் கோபமும் வந்தது. வராதா? ஆனால் அந்த நடுங்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டு யாரால் கோபப்பட முடியும்?

குருவி முறத்தைக் கொண்டுவந்தாள். பஞ்சோடு சேர்த்துக் குஞ்சுகளை அப்படியே வாரினாள்.

"எங்க கொண்டு போறே?" என்றார் ரேடியோ.

"பின்சுவருக்கு அந்தாண்ட காலி மனை இருக்கு. புதர்ல வச்சா தாய் தேடிக்கிட்டு வரும்."

"எலிக்குப் போய் இத்தனை உபசாரமா!"

"அதுங்க என்ன பண்ணும்? பொறந்த இடம் தப்பா போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெக்கானிக் பெட்டியைத் துடைத்து மூடினார். மருமகள் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே மூச்சில் கிளம்பி, இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசியது.

"கிளம்புங்கக்கா! போற வழியில நின்னு யாரோடயும் பேசிக்கிட்டிருக்காதீங்க. அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

குருவி பின்வாசல் வழியாகக் காலி முறத்தோடு திரும்பிக்கொண்டிருந்தாள். மருமகள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வந்தது இதுதான்:

"வந்து பேசறேன், குருவி."

"பார்த்துப் போங்க அண்ணி."

*

ஆஸ்பத்திரியில் வண்டிகளைப் பார்க்கும் அதிகாரி மீசையைக்கூட அளவெடுத்துக் கத்தரித்திருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்தார். பிறகு முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "கட்டடத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு போங்க சிஸ்டர்," என்றார்.

மருமகள் ஓட்டினாள். வண்டி கோணவில்லை. அவருக்குப் புழுங்கியது போலிருக்கிறது, காற்று வருவதற்கான பொத்தானைத் திருகினார்.

உஸ்ஸென்று காற்றோடு ஒரு கொத்துப் பஞ்சு வந்து அவர் மீசையில் உட்கார்ந்தது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். "என்னம்மா இது, வண்டிக்கு நரை விழுந்திருக்கு?"

சமாளிக்க ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். "எலி சார். காலையிலதான் கூட்டை எடுத்தோம். வயரைக் கடிச்சிருந்தது. சரிபண்ணியாச்சு."

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினாள்.

"சிஸ்டர், இது ஒருத்தர் கடைக்குப் போயிட்டு வர்ற வண்டி இல்ல. யாரோ ஒருத்தர் ஊசிக்காகவோ மருந்துக் கட்டுக்காகவோ ஜன்னலையே பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பாங்க. நாளைக்கு மறுபடியும் எலி கடிச்சு வண்டி வீட்டுலயே நின்னுபோச்சுன்னா அவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"புரியுது சார்."

"வண்டி எங்க நிக்குது?"

"வீட்டுக்குப் பின்னால தகர ஷெட்ல."

"பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒரு பக்கம் மாமனாரோட பஞ்சு அறை. இன்னொரு பக்கம் நாத்தனாரோட பறவைக் கூண்டு."

அவர் சிரித்தே விட்டார். "படுக்க மெத்தையும் இருக்கு, பக்கத்துலயே சாப்பாடும் இருக்கு. எலி வேற எங்க போகும்? எங்க வீட்டு வண்டியிலயும் இதே கூத்துதான், நாய் பிஸ்கட் மூட்டையை டிக்கியில வச்சிட்டு மறந்துட்டேன்." சிரிப்பை நிறுத்தினார். "பஞ்சையும் பறவையையும் அங்கேர்ந்து எடுத்துடறீங்களா? அப்படின்னு சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே வார்த்தை. கப்பல்காரன் கரையிறங்கிவிடுவான்.

மருமகள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் வாயால் சொன்னதும் இதைத்தானே? இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது அது எத்தனை அசிங்கமாகக் கேட்கிறது!

"அதெல்லாம் எடுக்க முடியாது சார்," என்றாள். "வண்டியைத்தான் எடுப்பேன். இனிமே தெருவுல நிக்கட்டும், வெயில்லயும் மழையிலயும். பெயின்ட் போனா போகட்டும். தினம் ஓடற வண்டி, மூடி திறந்து பார்த்துட்டுத்தான் கிளம்புவேன். அவங்க ரெண்டு பேருக்கும் அந்த ஷெட்டை விட்டா வேற இடம் கிடையாது."

அதிகாரி கையிலிருந்த பஞ்சை ஜன்னல் வழியாக ஊதிவிட்டார்.

"திங்கட்கிழமை வந்துடுங்க. காலையிலயே."

*

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் பாட்டுப் பாடாத குறை. முதலில் குருவியிடம் போக வேண்டும். போய், கையைப் பிடித்துக்கொண்டு, காலையில் பேசினது நான் இல்லடி, என் பயம் பேசினது என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஷெட்டுக்கு முன்னால் மாமனார் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், கூண்டுகள் இருந்த இடத்தில் சுவர் தெரிந்தது. தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ஒரு தினை மணிகூடக் கிடையாது.

"மாமா, குருவி எங்க?"

"போயிட்டாம்மா. தள்ளுவண்டி ஒண்ணைக் கூப்பிட்டு, கூண்டையெல்லாம் ஏத்திக்கிட்டு. பஸ் ஸ்டாப்புக்குன்னா. நான் கெஞ்சிப் பார்த்தேன். உன்மேல கோபம் இல்லப்பான்னு மட்டும் சொன்னா." அவர் காலித் தரையைக் காட்டினார். "நான் பண்ணின வேலைக்கு அவ ஏன் போகணும்?"

"நீங்க பண்ணினதால போகலை. நான் சொன்னதால போயிட்டா. ஏறுங்க மாமா."

அவர் பின்வாங்கினார். "நான் இந்த வண்டியைத் தொடக் கூடாது."

"தொட வேணாம், உட்காருங்க!" என்று அதட்டினாள். மாமனாரை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பஸ் ஸ்டாப்பில் குருவி கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். வந்த பஸ்ஸெல்லாம் அவளை ஏற்றத் தயார், பறவைகளை ஏற்றத்தான் மனசில்லை. அப்போதும் ஒரு கண்டக்டர், "ஆளுக்குத்தான் பஸ், ஆலமரத்துக்கு இல்லம்மா!" என்று விசிலை ஊதிக்கொண்டு போனார்.

மருமகள் வண்டியை ஓரம் கட்டி இறங்கி ஓடினாள். ஓடி வந்தவளுக்கு, கிட்டே வந்ததும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"வேலை கிடைச்சிடுச்சா அண்ணி?" என்று குருவியே கேட்டாள்.

"கிடைச்சிடுச்சு."

"அண்ணன் வந்துடுவான்."

"வருவான். வந்து, எங்க குருவின்னு கேட்பான். நான் என்ன பதில் சொல்லட்டும்? காலையில நான் பேசினது பேச்சே இல்ல. உனக்கு எல்லாம் தெரிஞ்சும் அப்பாவுக்காக வாயை மூடிக்கிட்டிருந்தே. எனக்கு ஒண்ணும் தெரியாமலே வாயைத் திறந்துட்டேன். ரெண்டு அடி வேணா அடிச்சிடு. வீட்டுக்கு மட்டும் வா."

குருவி கூண்டுக்குள் விரலை நீட்டினாள். ஒரு பச்சைப் பறவை வந்து அதைக் கொத்திப் பார்த்தது.

"நீங்க சொன்னது தப்பில்ல அண்ணி. எனக்கும் ஒரு வீடு இருக்கு. இல்லேன்னும் சொல்லாம, இருக்குன்னும் சொல்லாம இத்தனை நாள் ஓட்டிட்டேன். அது இருக்கா இல்லையான்னு ஒரு தடவை நேர்ல கேட்டுடணும். அங்க போகத்தான் கிளம்பினேன்."

"அங்கயும் இடம் இல்லேன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். அவங்க வாயால சொன்னா அது ஒரு பதில். உங்க வாயால கேட்டாத்தான் தாங்கலை."

வண்டிக்குள்ளிருந்து மாமனார் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தையும் காதில் விழாமல்.

மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, குருவி உட்கார மட்டும் இடம் விட்டுப் பின்சீட்டில் அடுக்கினாள். கடைசிக் கூண்டுக்கு இடமில்லை, மாமனார் மடியில் வைத்தாள்.

"எங்க அண்ணி?"

"நீ சொன்ன இடத்துக்குத்தான். கொண்டு போய் விடறேன். ஆனா விட்டுட்டு வந்துட மாட்டேன். நீ பேசி முடிக்கற வரைக்கும் வாசல்லயே வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பேன். இருன்னு சொன்னா கூண்டை இறக்கலாம். இல்லேன்னு சொன்னா கூண்டு இறங்கவே இறங்காது, அப்படியே திருப்பிடலாம்."

"எத்தனை நேரம் ஆகுமோ."

"ஆகட்டும்."

குருவி ஏறினாள். போகிற வழியெல்லாம் பறவைகள் ஊர் பார்க்கப் போகிற மாதிரி கத்திக்கொண்டே வந்தன. மடியில் இருந்த கூண்டை மாமனார் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். ஒரு திருப்பத்தில், பின்னால் திரும்பாமலே, "இதுங்களுக்குக் காத்துப் படுமா குருவி?" என்று கேட்டார். "படட்டும்பா, நல்லதுதான்," என்றாள் அவள்.

பச்சைக் கதவுள்ள ஒரு சின்ன வீட்டின் எதிரில் வண்டி நின்றது.

குருவி இறங்கினாள். தலையைச் சரிசெய்துகொண்டாள். மாமனாரும் கூண்டோடு இறங்கப் போனார். மருமகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க மாமா. இது அவ தட்ட வேண்டிய கதவு."

தட்டிய சத்தம் வண்டிவரை கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தாழ்ப்பாள் விலகியது. திறந்தது யார் என்பது இங்கிருந்து தெரியவில்லை. ஒரு கை மட்டும், கதவின் விளிம்பில்.

குருவி ஏதோ சொன்னாள். அந்தக் கை விலகி வழிவிட்டது. அவள் உள்ளே போனாள்.

போனவள், பின்னால் கதவைச் சாத்தவில்லை.